மகளின் போனுக்குப் பெற்றோர் யார்?

என் மகளைப் பெற்றது நான்தான் என்பதை நடுவட்டம் பஜாரில், பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றுவரை அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பாட்டுக்கு ரீசார்ஜ் பண்ணிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். வாய்க்காரி என்று பேர் வாங்கியது நான். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன்.

ஊட்டி-கூடலூர் ரோட்டில் இருக்கிற நடுவட்டத்திலிருந்து கீழே இறங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையரில் வேலை. எனக்குத் தோட்டத்துக் கிரஷில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் ஆற்றிக் கொடுப்பது, மூக்குச் சளி துடைப்பது, தூளி ஆட்டுவது, அழுதால் ஜன்னல் பக்கம் தூக்கிப் போய்க் குரங்கு காட்டுவது. இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. காலையில் தாய் யார் பேரைச் சொல்லிவிட்டுப் போகிறாளோ, சாயங்காலம் அந்த ஆள் வந்தால்தான் பிள்ளையைக் கொடுப்பேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை ஒரு குழந்தையின் சொந்தச் சித்தப்பாவையே மழையில் நிற்க வைத்துவிட்டேன். "ஏனுங்க, என்னையத் தெரியாதுங்களா உங்களுக்கு?" என்று அவர் நனைந்துகொண்டே சண்டை பிடித்தார். நன்றாகவே தெரியும். தாய் சொல்லவில்லை, அதனால் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்களுக்கு ஒரே மகள். ஊட்டியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். நர்சிங் போக வேண்டும் என்பது அவள் ஆசை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலப் பஸ்ஸில் வருவாள். எங்கள் லைனிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் படிக்கும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குப் பத்தாவதோடு போதும் என்று வீட்டில் முடிவு பண்ணிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது மார்க் வந்த அன்று ஃபேக்டரி முழுக்க மிட்டாய் கொடுத்த மனுஷன் அவர். பிளஸ் ஒன்னில் பாடக் குறிப்பெல்லாம் போன் குரூப்பில் வருகிறது என்று மகள் சொன்னபோது, ஊட்டிக்குப் போய் அவளுக்குப் புது போன் வாங்கி வந்தவரும் அவர்தான். என்னிடம் இருப்பது பழைய பட்டன் போன். எனக்கு அது போதும்.

அவள் பிளஸ் ஒன் சேர்ந்த சில மாதத்தில், எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஒரு பெண் டூரிஸ்ட் கார் ஓட்டும் ஒருவனோடு போய்விட்டாள். போனில்தான் பழக்கமாம். அவ்வளவுதான், தோட்டமே தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். பெண்கள் நாங்கள் குழாயடியில் நின்று கேட்டோம்.

"பொம்பளப் புள்ளைங்க போனுக்கெல்லாம் லாக் போட்டுரோணுமுங்க. இப்பத்தான் பேரண்ட் லாக்குன்னு வந்திருக்குதே" என்றார் ஒருவர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பசங்க போனுக்குங்க?" என்று கேட்டேன்.

"பசங்களுக்கு எதுக்குங்க லாக்கு?"

"ஓடிப்போனது ரெண்டு பேருங்க. அந்தப் புள்ள தனியாவா ஓடிப்போச்சு?"

சிரித்தார்கள். ஏதோ நான் கூட்டத்தில் வேடிக்கை காட்ட வந்தவள் மாதிரி. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் திரும்பிப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று கண்ணாலேயே சொன்னார். போனேன். போகிற வழியில் பார்த்தால், கோயில் திண்டில் லைன் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து போனில் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனில் என்ன வருகிறது, யாரோடு பேசுகிறார்கள் என்று எந்த மாரியம்மன் முன்னாலும் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாக் போடுவது யார்? வேறு யார், நடுவட்டம் பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிற போன் கடைக்காரர்தான். முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, அயர்ன் பண்ணின சட்டை, வாயைத் திறந்தால் "அக்கா", "அண்ணா". ரீசார்ஜ் பண்ணுவதும் அங்கேதான், போன் உடைந்தால் கொண்டு போவதும் அங்கேதான். கேஸ் புக் பண்ண, பி.எஃப். பணம் பார்க்க, ஆதாரில் விலாசம் மாற்ற, எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் ஆட்களுக்குப் போனை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூச்சமே கிடையாது. ரேஷன் கார்டை நீட்டுகிற மாதிரி நீட்டிவிட்டு, "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மெயில் ஐ.டி. உண்டாக்குவது அவர். பாஸ்வேர்டு வைப்பது அவர். கேட்டால், "அது அண்ணங்கிட்ட இருக்குதுங்க" என்பார்கள். எங்கள் லைனில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டு அந்தக் கடையின் பேர்தான், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

என் வீட்டுக்காரரும் மகளின் போனை எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் திரும்பி வந்து, "லாக் போட்டாச்சு" என்றார்.

"போட்டது சரிங்க. தொறக்கோணும்னா யாரைக் கேக்கறது? சாவி யார்கிட்ட இருக்குது?"

"அதெல்லாம் போனுக்குள்ளயே இருக்கும். உனக்குப் புரியாது, உடு."

அவருக்கும் புரியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து மகளின் போன் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் முழுசாகத் திறக்கும். மற்ற நேரத்தில் கூப்பிடலாம், பேசலாம், வேறு ஒன்றும் வராது. அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் அதிகம் பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே வீட்டுக்கு வருகிறவள், சில நாள் தாமதமாக வர ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டால், "பஜார்ல ஒரு வேலைம்மா" என்பாள். பரீட்சைக் கவலை, வளர்கிற வயசு என்று நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்த முகமே சரியில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ஊட்டி போனது போதும். நாளையில இருந்து போக வேண்டாம்."

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். "என்னங்க ஆச்சு?"

"அவளையே கேளு. நேத்துச் சாயங்காலம் பைக்காரா போட் ஹவுஸ்கிட்ட எவனோட நின்னான்னு கேளு. ஒரு மணி நேரம் நின்னிருக்கறா."

பைக்காரா என்றால் டூரிஸ்டுகளுக்குப் படகு விடுகிற இடம். எங்கள் பக்கத்தில் வயசுப் பெண் பைக்காராவில் நின்றாள் என்று சொன்னால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

"நான் பஸ்லதாம்ப்பா இருந்தேன். ரோடு வேலை நடக்குதுன்னு பஸ்ஸே நின்னு நின்னுதான் வந்துது" என்றாள் மகள்.

"பொய் பேசாத."

"யாருங்க உங்ககிட்ட சொன்னது?" என்று நான் கேட்டேன்.

"சொன்னவங்க சொன்னாங்க. நம்பிக்கையான ஆளு."

அவ்வளவுதான் விசாரணை. அவளை அவர் அடிக்கவில்லை. அவளுடைய ஸ்கூல் பையை எடுத்துப் பரணில் தூக்கிப் போட்டார், அவளுக்கு எட்டாத இடத்தில். அடித்திருந்தால்கூட அவள் அழுது தீர்த்திருப்பாள். இதற்கு அவள் அழவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "என்ன கண்ணு நடந்துச்சு? எங்கிட்டச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "என்னையக் கேக்காதீங்கம்மா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள். அந்தக் குரலில் என்மேல் இருந்த வெறுப்பு எதனால் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் கிரஷுக்கு லீவு சொல்லிவிட்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. டீச்சருடைய நம்பர் மகளின் போனில் இருந்ததால் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மகளை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். அவளுக்கு எங்கும் போகத் தெம்பும் இல்லை.

டீச்சர் நல்ல மாதிரி. வெளியே மரத்தடிக்கு வந்து பேசினார்கள். புதன்கிழமை லேப் முடித்துவிட்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்து, வழக்கமான பஸ்ஸுக்குத்தான் என் மகள் கிளம்பினாளாம். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். "திங்கக்கிழமை பிராக்டிகல் பரீட்சைங்கம்மா. அன்னைக்கு வரலைன்னா இந்த வருஷமே வீணாயிரும். எப்படியாவது அனுப்பி வெச்சிருங்க." ஒரு வருஷம் போனால் எங்கள் லைனில் அப்புறம் படிப்பே கிடையாது, மாப்பிள்ளைதான் பார்ப்பார்கள்.

திரும்பும்போது மழையும் மூடுபனியும். பைக்காரா தாண்டினதும் ரோடு வேலை. ஒரு பக்க வண்டிகளை விட்டு மறு பக்கத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பஸ் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. மகளிடம் விட்டு வந்த என் பட்டன் போனுக்குக் கூப்பிடலாம் என்று அவள் போனை எடுத்தால் டவர் இல்லை. அது புதுசா என்ன? பைக்காரா தாண்டினால் போன் செத்த மாதிரிதான். நடுவட்டம் வந்தால்தான் உயிர் வரும். இந்த ரோட்டில் போய் வருகிற கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நடுவட்டத்தில் இறங்கினால் போன் கடை வாசலில் அவரே நிற்கிறார். டிரையர் தூசி படிந்த சட்டையோடு, கண்ணெல்லாம் சிவந்து. என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

"எங்க அவ?"

"ஊட்லதான் இருக்கறா. ஏனுங்க?"

"ஊட்லயா? நீயும் அவளுக்குக் கூட்டா? இன்னைக்கும் பைக்காராவுல போய் நிக்கறா! அதே எடத்துல! முக்கா மணி நேரமா நிக்கறா!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் படுத்துக் கிடந்தவள் பைக்காராவுக்கு எப்படிப் போவாள்?

"யாருங்க சொன்னது?"

அவர் கடையைப் பார்த்தார். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். முகத்தில் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒரு பாவனை. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் சும்மா சொல்லலை. நீங்களே பாருங்க" என்று தன் போனைத் திருப்பிக் காட்டினார். மேப். அதில் பைக்காரா. அங்கே ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் என் மகளின் படம், ரெட்டைச் சடை போட்டது.

நான் பையைத் திறந்து மகளின் போனை எடுத்து அந்தக் கல்லா மேல் வைத்தேன்.

"இதோ இருக்குது போனு. காலையில இருந்து என்ற பைக்குள்ளதான் இருக்குது. பஸ்ல ஒக்காந்து ஊட்டிக்குப் போயிட்டு வாரேன். அப்ப நானுங்களா பைக்காராவுல நின்னது? நாப்பது தாண்டுன பொம்பள எவனோட நின்னேன்னு அந்த மேப்புலயே பாத்துச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்!"

டீக்கடையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். எங்கள் பஸ் கண்டக்டர் கையில் கிளாஸோடு அங்கேதான் நின்றிருந்தார். "அக்கா நம்ம வண்டியிலதானுங்க வந்தாங்க. பைக்காரா தாண்டுனா டவர் ஏதுங்க? கடைசியா டவர் கெடைச்ச எடத்தையே அது காட்டிட்டு இருக்கும்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் பைக்காராவிலிருந்து ஒரே தாவலாகத் தாவிக் கடை வாசலுக்கு வந்து உட்கார்ந்தது. என் மகளின் ஒரு வருஷப் படிப்பைப் பரணில் தூக்கிப் போட வைத்த சாட்சி இதுதான்.

வீட்டுக்காரர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைப் பார்க்கவில்லை. என் புத்தி வேறு இடத்துக்குப் போய்விட்டது.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. என்ற மக போட்டோ உங்க போன்ல எதுக்கு இருக்குது?"

"அது பேரண்ட் லாக்குங்க்கா. அப்படித்தான் இருக்கும்."

"பேரண்ட்டுன்னா?"

"பெத்தவங்க."

"நீங்களா பெத்தீங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். இதுவரை 'அவர்' என்று எழுதி வந்தேன், இனிமேல் என்னால் முடியாது. பிள்ளையின் போனில் பூட்டுப் போட்டால் பெற்றவர்கள் போனில் அதன் சாவி இருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு மெயில் ஐ.டி. வேண்டும். என் வீட்டுக்காரருடைய மெயில் ஐ.டி. பழைய போன் உடைந்தபோதே போய்விட்டது. "அப்ப உங்க மெயிலையே போட்டுக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவன் போட்டுக்கொண்டான். எங்களுக்கு மட்டும் இல்லை. அவன் போனை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தேன். உச்சியில் 'பெற்றோர்' என்று போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டின அவன் படம். அதற்குக் கீழே வட்டம் வட்டமாக எங்கள் லைன் பெண்கள். எல்லாம் என் கிரஷில் வளர்ந்ததுகள். தூளியில் போட்டு நான் ஆட்டினவள், நடக்கப் பழகும்போது என் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள், பால் என்றாலே ஓடி ஒளிந்தவள். ஒவ்வொருத்தியும் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறாள், போனில் எதைத் திறக்கிறாள் என்று அவன் கைக்குள் இருந்தது. சொந்தச் சித்தப்பாவையே மழையில் நிற்க வைத்து நான் கொடுக்க மறுத்த பிள்ளையும் அதில் ஒரு வட்டமாக இருந்தாள்.

அப்போதுதான் கத்தினேன். "பெத்தது நானு! கூடலூர் ஆஸ்பத்திரியில வலியெடுத்துப் பெத்தது நானு! நீ யாருடா பேரண்ட்டு?"

"அக்கா, மரியாதையாப் பேசுங்க. நான் சர்வீஸ்தான் பண்றேன். இதுக்குக் காசுகூட வாங்கறதில்லை."

காசு வாங்கவில்லையாம்! எங்கள் பெண்களை இலவசமாகக் கண்காணித்துக் கொடுக்கிறானாம்! நல்லா இருக்குதே நியாயம்! "எடு. இப்பவே என்ற மக பேரை அதுல இருந்து எடு" என்றேன். அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எடுத்துரட்டுங்களாண்ணா?" என்று கேட்டான். அவர் தலையாட்டின பிறகுதான் அவன் விரல் நகர்ந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே அவனை நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

இரண்டு பேரும் வீட்டுக்கு இறங்கி வந்தோம். உள்ளே போய் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். லாக்கை எடுத்தாகிவிட்டது, சாவி அவனிடம் இருந்தது எனக்குத் தெரியாது என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"நெசமாவே தெரியாதாம்மா?"

"சத்தியமாத் தெரியாது சாமி."

அதற்குப் பிறகுதான் சொன்னாள். அந்த ஒரு மணி நேரம் முடிந்த பிறகு லேப் ரெக்கார்டு எழுதக் குரூப்பில் வந்த படத்தைப் பார்க்க வேண்டும் என்றால், போனில் அனுமதி கேட்டு அனுப்ப வேண்டும். அது அவனுக்குப் போகும். "கடைக்கு வந்து கேளு" என்று பதில் வரும். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி அவன் கடையில் நிற்பாள்.

"மூஞ்சிய உம்முன்னு வெச்சிட்டு நின்னாத் தொறக்க மாட்டேன், சிரிச்சுக் கேளும்பாரு."

"நீ என்ன பண்ணுன?"

"ரெக்கார்டு எழுதோணுமேம்மா. சிரிச்சுத்தான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும்."

"எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

"'உங்க அப்பாவும் அம்மாவும் உன்னைய எங்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க'ன்னு சொன்னாரு. நீங்கதான் என்னைய அவர்கிட்ட அனுப்பறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சத்தமில்லாமல் வெளியே இறங்கிப் போய்க் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். இருட்டுகிற வரைக்கும் எழுந்து வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. என் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

சனிக்கிழமை கிரஷுக்குப் போனேன். பிள்ளைகளை விட வந்த தாய்மார்களை ஒவ்வொருத்தியாகத் தனியே நிறுத்தி, உன் மூத்த மகளோ தங்கச்சியோ அவன் போனில் இருக்கிறாள், போய் அழித்துவிட்டு வா என்று சொன்னேன். இரண்டு பேர்தான் அன்றைக்கே போனார்கள். ஒருத்தி, "நல்ல பையனுங்கக்கா அது. நாம கொழுந்து பறிக்கக் காட்டுக்குப் போயர்றோம், யாராச்சும் ஒருத்தர் பாத்துக்கோணுமல்ல?" என்றாள். இன்னொருத்தியின் புருஷன் சாயங்காலம் நேரே வந்துவிட்டார். "அவரைப் பகைச்சுக்க முடியாதுங்க. பி.எஃப்., கேஸு, பேங்கு, எங்க பாஸ்வேர்டு பூரா அவர்கிட்டத்தான் இருக்குது" என்றார். இது எப்படி இருக்கிறது பாருங்கள்! பாஸ்வேர்டுக்குப் பயந்து மகளை விட்டு வைப்பார்களாம். அவன் சிரிக்கச் சொன்ன கதையை நான் இவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி அவனைக் கேட்க மாட்டார்கள், 'உன் மக எதுக்குச் சிரிச்சா?' என்று என்னைக் கேட்பார்கள். "உங்க புள்ளைகிட்டயே தனியாக் கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். டீச்சருக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். மேலே சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன் என்றார்கள். இதை எழுதும்வரை அந்தக் கடை திறந்துதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரே நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து ஸ்கூல் பையை இறக்கினார். தூசி தட்டி மகளின் பக்கத்தில் வைத்தார். மன்னிப்பு என்று வாயில் வரவில்லை, எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு அது வராது. "அப்ப இனிமே என்ற பேர்ல போட்டுக்கலாமா அந்த லாக்கை?" என்று என்னைக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

திங்கட்கிழமை அவளோடு நானும் பஜாருக்கு மேலேறிப் போனேன். மழை விட்டிருந்தது. பஸ் வந்து நின்றதும், முழுசாகச் சார்ஜ் போட்டு வைத்திருந்த போனை எடுத்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"அதுல ஒண்ணுமில்ல கண்ணு. லாக் எல்லாம் எடுத்தாச்சு."

"தெரியும்மா."

"அப்பறமென்ன? வெச்சுக்கோ. வழியில ஒண்ணுன்னா கூப்பிடோணுமல்ல?"

"நான் எங்க இருக்கறேன்னு நீங்க பாக்கறதுக்குத்தானே இந்தப் போனு?" என்றாள். கோபமில்லாத குரல், பெரியவர்கள் குரல் மாதிரி. "நீங்களே வெச்சுக்குங்க."

பையை மாட்டிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே கடையில் அவன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.